இடம்விடாத சொற்கள்

இங்கிலாந்தின் முதல் அச்சாளர் வில்லியம் காக்ஸ்டன் 1490இல், தாம் வெளியிட்ட நூலொன்றின் முன்னுரையில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். காற்று வீசாததால் தேம்ஸில் கப்பலோடு காத்திருந்த வணிகர்கள் கரையேறினார்கள். ஒருவர் ஒரு வீட்டில் ‘எக்ஸ்’ கேட்டார். தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்றாள் வீட்டுக்காரி. வணிகருக்குக் கோபம், பிரெஞ்சு அவருக்கும் தெரியாது! இன்னொருவர் ‘ஐரன்’ வேண்டும் என்ற பிறகே அவளுக்கு விளங்கியது. இரண்டும் முட்டைதான். ‘ஐரன்’ பழைய ஆங்கிலம். ‘எக்’ வைக்கிங்குகளின் நார்ஸ் மொழி தந்தது.

9ஆம் நூற்றாண்டில் வட, கிழக்கு இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகளின் மொழியும் ஆங்கிலமும் ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. உறவு நெருக்கம் என்பதால் ஸ்கை, ஸ்கின், லெக் எல்லாம் எளிதில் கலந்தன. ‘சிஸ்டர்’ என்ற வடிவத்திலும் நார்ஸ் சாயல் உண்டு. ‘தே’, ‘தெம்’ என்ற சுட்டுப்பெயர்களும் அங்கிருந்து வந்தவையே என்பது அறிஞர்கள் பலரின் முடிவு. இது மிக அரிதான நிகழ்வு. பழைய ஆங்கிலத்தில் அவன், அவள், அவர்கள் என்பவற்றுக்கான சொற்கள் ஒலியில் நெருங்கிக் குழம்பத் தொடங்கியதே இதற்கு வழிவிட்டது.

ஆனால் நான், நீ, கண், மூக்கு, வாய், நீர், நெருப்பு, வா, போ ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் அசையவில்லை. 1066இல் நார்மானியர் வென்ற பிறகு அங்கிள், ஆண்ட், கசின் எனப் பிரெஞ்சு உறவுப்பெயர்கள் வந்தன. அப்பா, அம்மா, மகன், மகள் மாறவில்லை. ‘செகண்ட்’ பிரெஞ்சு, ‘டூ’ ஆங்கிலம்!

காரணம் எளிது. குழந்தை முதலில் கற்று, பிறகு நாள்தோறும் புழங்கும் சொல்லுக்கு மாற்றுத் தேவைப்படுவதில்லை. புதிய பொருள், புதிய சமயம், புதிய உடை வரும்போதுதான் அதனதன் பெயரும் கூடவே வருகிறது. உலகின் 41 மொழிகளை ஒப்பிட்டு மார்ட்டின் ஹாஸ்பெல்மாத்தும் உரி டாட்மோரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், சமயச் சொற்களில் சுமார் 41 விழுக்காடு கடன். பார்த்தல், கேட்டல் போன்ற புலனறிவுச் சொற்களில் சுமார் 11 விழுக்காடுதான். பெயர்ச்சொற்களைவிட வினைச்சொற்கள் இரவல் போவதும் குறைவு. விகுதிகளோடு பின்னிக்கிடக்கும் வினையைப் பிடுங்கி இன்னொரு மொழியில் நடுவது கடினம்.

எண்கள் எப்போதும் உறுதியானவை என்று நினைத்துவிடக் கூடாது. பலுசிஸ்தானில் பேசப்படும் திராவிட மொழியான பிராகூயி, பலூச்சியும் பாரசீகமும் சூழ வாழ்ந்து பெரும்பாலான சொற்களைக் கடன் வாங்கிவிட்டது. அதில் ‘நீ’ இன்றும் ‘நீ’தான். எண்களில் திராவிடமாக எஞ்சியவை மூன்றே: அஸிட், இரட், முஸிட். நான்கிலிருந்து எல்லாம் அண்டை மொழிகளின் எண்கள்.