ஐப்பசி மழைக்கு முன் தோட்ட வேலைகள்

தமிழ்நாடு ஓராண்டில் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள வடகிழக்குப் பருவத்திலேயே கிடைக்கிறது. இம்மழை வழக்கமாக அக்டோபர் 20-ஆம் தேதியை ஒட்டி, அதாவது ஐப்பசித் தொடக்கத்தில், ஆரம்பமாகும். ஆகவே தோட்டத்தைச் சித்தப்படுத்துவதற்குரிய மாதம் புரட்டாசியே.

நெசவாளர் அங்கத்தினர்களுக்கு இதில் இரட்டை அக்கறை உண்டு. அடைமழை நாட்களில் வீதியில் பாவு விரித்துக் கஞ்சி போட இயலாது; சாயமிட்ட நூலும் எளிதில் உலராது; கூலி குறையும். அவ்வமயம் குடும்பத்திற்குக் கைகொடுப்பது கொல்லையில் விளையும் காய்கறியாகும். ஆனால் கொல்லையில் நீர் தேங்குமாயின் செடிகளின் வேர் அழுகுவதோடு, அந்நீர் நிலத்தில் ஊறித் தறிக்குழியிலும் சுரக்கும். ஆதலின் எல்லாவற்றிற்கும் முன்னதாகக் கவனிக்கற்பாலது வடிகாலே.

வடிகால்: நிலத்தின் சரிவைக் கண்டறிந்து, வீட்டுச் சுவரை விட்டு விலகி நீர் ஓடும்படி வாய்க்கால் வெட்டுக. வேர்களுக்கும் காற்று இன்றியமையாதது. மண்ணின் துளைகளில் நீர் நிறைந்து நின்றால் அவை மூச்சின்றி மடியும். பப்பாளி இரண்டு நாட்கள் நீர் தேங்கினும் தாங்காது. கோடையில் நீர் தேக்குவதற்காகப் பப்பாளி, வாழை இவற்றைச் சுற்றி அமைத்த பாத்திகளை உடைத்து, அடியில் மண் அணைத்தல் வேண்டும். கத்தரி, மிளகாய்ச் செடிகளுக்கும் அவ்வாறே மண் அணைக்கவும்.

நாற்றங்கால்: தட்டையான பாத்தியில் விட்ட நாற்று, தொடர்மழையில் தண்டின் அடி அழுகிச் சாயும். இதைத் தவிர்க்க அரையடி உயரமுள்ள மேட்டுப்பாத்தி அமைத்து, விதையை நெருக்கமின்றி வரிசையாக விதைக்கவும். விதைக்கும் முன் ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் வீதம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்துகொள்வது நலம்.

பந்தலும் மரங்களும்: அவரையும் புடலும் ஏறிய பந்தல், நனைந்த கொடியின் பாரத்தால் சாய்வதுண்டு. உளுத்த கால்களை மாற்றுக. முருங்கை மரம் எளிதில் முறியும் இயல்புடையது. நீண்ட கிளைகளைக் கழித்துவிட்டால் காற்றின் வேகத்தைத் தாங்குவதோடு, மழைக்காலத்துக் கம்பளிப்பூச்சியும் குறையும். குலை தள்ளிய வாழைக்கு முட்டுக்கொடுத்தல் அவசியம்.

தென்னையில் காய்ந்த மட்டைகளை நீக்கி, கொண்டையைச் சுத்தம் செய்க. குருத்தழுகல் வாராமற் காக்க ஒரு சத போர்டோக் கலவை உதவும். மயில்துத்தம் 100 கிராமை 5 லிட்டர் நீரிலும், நீற்றாத சுண்ணாம்பு 100 கிராமை வேறு 5 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, ஆறிய பின் துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்கவும். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே ஏற்றது. தீட்டிய இரும்புக் கத்தியை அதில் நனைத்தால் செம்பு நிறம் படியுமாயின், இன்னும் சிறிது சுண்ணாம்பு நீர் சேர்த்தல் வேண்டும். கலவையை அன்றே தெளித்துவிடுக.

எருவும் விதையும்: திறந்து கிடக்கும் எருக்குழியில் மழை பெய்தால் தழைச்சத்தும் சாம்பற்சத்தும் கரைந்தோடும். குழியின் மேல் கீற்று வேய்ந்து, சுற்றிலும் கரை கட்டுக. ஆடிப்பட்டத்தில் எடுத்த விதைகளை வெயிலுள்ளபோதே நன்கு உலர்த்திப் பத்திரப்படுத்துக.

2018 நவம்பர் 16-இல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்த கஜா புயல், எண்ணற்ற தென்னைகளை வீழ்த்தியது. அத்தகைய புயலை எம்முயற்சியாலும் தடுத்தல் அரிது. ஆயினும் ஆண்டுதோறும் நேரும் நட்டங்களுட் பல, புரட்டாசியில் சில நாள் உழைப்பால் தவிர்க்கக்கூடியவையே.

இறுதியாக ஒன்று. ஒருவர் கொல்லையிலிருந்து வடித்த நீர் அடுத்தவர் கொல்லையில் சென்று தேங்குமாயின் பயன் யாது? வாய்க்காலைத் தனித்தனியே வெட்டாமல், தெருவார் யாவரும் கூடிச் சரிவு பார்த்து, ஏரி அல்லது ஓடை வரையில் தொடர்ச்சியாக வெட்டுதலே முறை. கூட்டுறவின் பயனை மழைக்கு முன்னரே கண்கூடாகக் காணலாம்.