பழைய மோட்டாரில் பெட்ரோல் கசிவு

வண்டலூர்த் தொழிற்சாலையின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1961-இல் வெளிவந்தது. அதன் உற்பத்தி நின்று நெடுங்காலமாகிறது. அம்பாஸிடரும் 2014-இல் நின்றது. ஆயினும் இத்தகைய பழைய வண்டிகளைப் பேணி வைத்திருப்போர் செங்கற்பட்டுப் பகுதியில் இன்றும் உளர். நெய்த சேலையையோ விதை மூட்டையையோ அவற்றில் ஏற்றிச் செல்லும் அங்கத்தினர் பெட்ரோல் கசிவைச் சிறு நஷ்டமென்று எண்ணலாகாது. சொட்டும் எண்ணெயைவிட அதிலிருந்து எழும் ஆவியே கொடியது. அது காற்றினும் கனமானது. ஆதலின் தரையோடு படர்ந்து, தொலைவிலுள்ள அடுப்பையோ பீடி நெருப்பையோ சென்று பற்றும்.

கசிவுக்குக் காரணங்கள் யாவை? முதலாவது, ரப்பர்க் குழாயின் முதுமை. எஞ்சின் சூட்டில் அது இறுகி வெடிக்கிறது. இரண்டாவது, எத்தனால். 2003-இல் 5 சதவீதக் கலப்பில் தொடங்கிய திட்டம், 2023-இல் 20 சதவீதப் பெட்ரோலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் கரும்பு விவசாயிகளுக்கு இது நல்லதே. ஆனால் பழைய ரப்பர் அதற்கென்று செய்யப்பட்டதன்று, ஊறித் தளர்ந்துவிடும். மூன்றாவது, உப்புக் காற்று. மாமல்லபுரக் கரையோரம் நிற்கும் வண்டியின் டாங்கியையும் இரும்புக் குழாயையும் துரு விரைவில் அரிக்கும்.

வாடை வந்தவுடன் வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். ஆட்களை இறக்கி அப்புறப்படுத்த வேண்டும். தீக்குச்சி கூடாது, மீண்டும் ஸ்டார்ட் செய்து பார்த்தலும் கூடாது. ஆவி நன்கு கலைந்தபின், டாங்கி தொடங்கி கார்புரேட்டர் வரை ஈரம் எங்குள்ளதெனப் பார்க்கலாம். கார்புரேட்டர் நிரம்பி வழிந்தால் மிதவையின் ஊசி அடையவில்லை என்று அறியலாம். எஞ்சின் ஆயிலின் அளவு ஏறிப் பெட்ரோல் வாடை வீசினால், பம்பின் உட்தகடு கிழிந்திருக்கக்கூடும். அந்த ஆயிலோடு வண்டியை ஓட்டலாகாது.

டாங்கியின் சிறு வெடிப்பில் பார் சோப்பை அழுத்தித் தேய்ப்பது மெக்கானிக்குகளின் பழைய வழக்கம். சோப்பு பெட்ரோலில் எளிதில் கரையாதாதலால் ஒழுக்குச் சற்று நிற்கும். அது வண்டியைப் பட்டறை சேர்ப்பதற்கு மட்டுமே உதவும், பரிகாரமன்று. குழாயைத் துணியும் நாடாவும் சுற்றி ஒட்டவைப்பது வீண். 20 சதவீத எத்தனாலுக்கு ஏற்றதெனக் குறிக்கப்பட்ட புதுக் குழாயைப் புதுக் கிளிப்புகளுடன் மாற்றுதலே முறை.

ஒன்றை மிகவும் வலியுறுத்துகிறோம். டாங்கியைக் காலி செய்துவிட்டதால் பற்றவைப்பு வேலைக்குக் கொடுக்கலாமென எண்ணுவது பெருந்தவறு. நிறைந்த டாங்கியினும் காலி டாங்கியே ஆபத்து; உள்ளே எஞ்சிய ஆவியும் காற்றும் கலந்து வெடிக்கும். ஆவி முற்றும் நீக்கப்பட்ட பின்னரே, அவ்வேலையில் பழகியவரிடம் அதனை ஒப்படைக்க வேண்டும்.

வண்டியில் உலர்பொடித் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும். எரியும் பெட்ரோல்மீது தண்ணீர் ஊற்றினால் நெருப்பு மிதந்து பரவும், மணல் உதவும். ஆண்டுக்கொரு முறை குழாய்களைச் சோதித்துவரின், பல மாத உழைப்பாலான சரக்கும் அதனினும் அரிய உயிரும் காக்கப்படும்.