இரண்டு மாத உறக்கத்துக்குப் பின் இஞ்சின் விழிக்கிறது

ஜூலைக் கடைசியில் நீண்டகரைத் துறைமுகத்துக்குப் போனால் மீன் வாசனையைவிட டீசல் வாசனைதான் தூக்கலாக இருக்கும். ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கும் இழுவலைத் தடை, 52 நாள் கழித்து ஜூலை 31 நள்ளிரவில் முடிகிறது. 1988-ல் கேரளத்தில் முதன்முதலாக வந்த இத்தடை மீனுக்கு ஓய்வு, இஞ்சினுக்கோ சோதனை.

1953-ல் இந்தோ-நார்வே திட்டம் விசைப்படகைப் பழக்கிய கடற்கரை இது. கேரளத் துறைமுகங்களில் குளச்சல், தூத்தூர் பக்கத்துத் தமிழர்கள் பலர் இன்றும் படகு வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. டீசல் செலவு போக மிஞ்சுவதில்தான் பங்கு. நடுக்கடலில் இஞ்சின் நின்றால் பங்கும் நின்றது; படகை இழுத்து வர இன்னொரு படகைத் தேட வேண்டும்.

கடன், வழக்கு என்று ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்த படகு என்றால் நிலைமை இன்னும் மோசம். விவரமறிந்த மெக்கானிக் எடுத்த எடுப்பில் ஸ்டார்ட்டரைத் தொடமாட்டார். சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் பிஸ்டன் அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆகவே இன்ஜெக்டர்களைக் கழற்றி, துவாரத்தில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, இஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்க்கிறார். இறுகிக் கிடந்தால் நாள் கணக்கில் ஊறவிட வேண்டியதுதான். முதலாளிக்குக் கோபம் வரத்தான் செய்யும்; என்ன செய்வது?

உண்மையான வில்லன் டீசல் டேங்கில் இருக்கிறான். பாதி காலியான டேங்கில் மழைக்காலக் காற்றின் ஈரம் வியர்த்து, தண்ணீராக அடியில் தங்குகிறது. டீசலும் தண்ணீரும் சேருமிடத்தில் நுண்ணுயிர்கள் பெருகிக் கறுப்புக் கொழகொழப்பாகப் படிகின்றன. கரை ஏற்றும்போதே டேங்கை நிரப்பி வைத்திருந்தால் இத்தனை தொல்லை இல்லை. அந்த நேரத்தில் கையில் காசு இருந்தால்தானே!

அடிப்பிளக்கைத் திறந்து கசண்டை இறக்கி, டேங்கின் உட்புறத்தைத் துணியால் துடைக்கிறார்கள். பஞ்சு கூடாது, அதன் நூலே பின்னால் பில்டரை அடைத்துவிடும். பில்டர்கள் புதிதாக வருகின்றன. இன்ஜெக்டரைச் சோதனைப் பம்பில் வைத்துப் பார்க்கும்போது டீசல் பனிபோல் தூவ வேண்டும்; சொட்டினால் ஆகாது. அந்தத் தூவலில் கை வைப்பது ஆபத்து. அதன் வேகம் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

அடுத்து 'ஏர் எடுப்பது'. பில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடிக்க அடிக்க நுரை நுரையாக டீசல் வருகிறது. குமிழி நின்று தெளிந்த டீசல் வந்ததும் திருகை இறுக்குகிறார்கள். பிறகு இன்ஜெக்ஷன் பம்பு. கடைசியில் இன்ஜெக்டர் குழாய்கள் ஒவ்வொன்றாக. ஒரு குமிழி மிஞ்சினாலும் இஞ்சின் திக்கும்.

கடல்நீர்ப் பம்பின் ரப்பர்ச் சக்கரம் காய்ந்து வெடித்திருந்தால் அதையும் மாற்றிவிட்டுத்தான் சாவியைத் திருப்புகிறார்கள். முதலில் வெள்ளைப் புகை. சூடேறியதும் அது அடங்க வேண்டும். அடங்காவிட்டால் மறுபடி கழற்றல்தான். மேலே ஆட்கள் ஐஸ் ஏற்றத் தயாராக நிற்க, ஒருவர் மட்டும் பக்கவாட்டில் குனிந்து, வெளியே கொட்டும் தண்ணீரில் கை வைத்துச் சூடு பார்க்கிறார்.