தொப்பை குறைந்தால் தெம்பு திரும்பும்

இரவு நேரத்தில் புளியறை சோதனைச் சாவடிப் பக்கம் போனால், ஆரியங்காவு ஏறிக் கொல்லம் போக லாரிகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்க்கலாம். பிரானூர் பார்டரில் பரோட்டாவும் சால்னாவும் முடித்துவிட்டு வந்த ஓட்டுநர் ஒருவர் கேபினிலிருந்து இறங்கினார். பெல்ட் தொப்பைக்கு அடியில் சரிந்து கிடந்தது. நாற்பதைத் தாண்டாத வயசு. "முன்ன மாதிரி தெம்பு இல்ல அண்ணாச்சி, எந்நேரமும் அசதி" என்றார்.

அசதிக்குக் காரணம் பல. நம்மவர்கள் வாய்விட்டுப் பேசாத ஒன்று, ஆண்களுக்கான டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் குறைவது. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அதிலிருக்கும் அரோமடேஸ் என்ற நொதி, டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுகிறது. விந்தகத்தைத் தூண்ட மூளையிலிருந்து வரும் சமிக்ஞையும் மங்குகிறது. டெஸ்டோஸ்டிரோன் தூக்கத்தில்தான் ஏறும். ராத்திரி முழுக்க வண்டி ஓட்டுகிறவருக்கும், குறட்டையில் மூச்சு தடைபடுகிறவருக்கும் அதுவும் போச்சு. ஹார்மோன் குறைந்தால் தசை கரையும், கொழுப்பு இன்னும் ஏறும்.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் உடல் எடை கூடிய ஆண்கள் 2015-16இல் நூற்றுக்கு 28 பேர். 2019-21இல் 37 பேர். ஐந்தே வருஷத்தில் இந்த ஏற்றம் என்பது எனக்குப் பெரிய கவலை.

ஆனால் எடை குறைந்தால், போன ஹார்மோன் திரும்பி வரும். ஐரோப்பாவின் எட்டு நகரங்களில் 40 முதல் 79 வயது வரையிலான ஆண்களைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வில், எடை குறைந்தவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கூடியிருந்தது. அதிகம் குறைத்தவர்களுக்கு அதிகம் கூடியது.

இது தெரியாமல்தான் பலர் நேராக டெஸ்டோஸ்டிரோன் ஊசிக்குப் போகிறார்கள். வெளியிலிருந்து ஹார்மோன் ஏற்றினால் உடம்பு தன் உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும், விந்தணுவும் குறையும். குழந்தைக்காகக் காத்திருக்கும் வீட்டில் இது எவ்வளவு பெரிய இழப்பு! நிஜமாகவே ஊசி தேவைப்படும் நோயாளிகள் உண்டு. அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். ஹார்மோன் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையைக் காலை 10 மணிக்குள் வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். குறைவாக வந்தால் இன்னொரு நாளும் எடுத்துப் பார்க்க வேண்டும். பருமனானவர்களுக்கு ரத்தத்தில் இந்த ஹார்மோனைச் சுமக்கும் புரதமே குறைந்திருக்கும் என்பதால், மொத்த அளவை மட்டும் பார்த்து பயந்துவிடக் கூடாது.

ஓட்டுநர் அண்ணன்மாரே, அடுத்த முறை வீட்டுக்குப் போனதும் ஓர் அளவு நாடா எடுத்து வயிற்றைச் சுற்றிப் பாருங்கள். 90 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தால், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சேர்த்துப் பார்க்க அரசு மருத்துவமனைக்கு ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள்.