ஒரே குட்டையில் ஒத்து வாழும் மீன்கள்: தேர்வு செய்வது எப்படி?

சேலம் அம்மாபேட்டையைத் தாண்டிக் கிழக்கே உடையாப்பட்டி, அயோத்தியாப்பட்டணம் பக்கம் போனால் கிணற்றுப் பாசனத் தோட்டங்களில் ஆங்காங்கே பண்ணைக் குட்டைகளைக் காணலாம். மழை நீரைத் தேக்கிப் பயிருக்குப் பாய்ச்சுவதற்காக வெட்டப்பட்டவை இவை. பயிருக்குப் போக மீதி நிற்கும் தண்ணீரில் மீன் வளர்த்தால் குடும்பத்துக்கு உணவும், கைச் செலவுக்குக் காசும் கிடைக்கும். ஆனால் குஞ்சு விட்ட எல்லாருக்கும் மீன் கிடைத்து விடுவதில்லை. ஓர் ஆண்டு காத்திருந்து வலை போட்டால், விரல் நீள ஜிலேபி மீன்களும் இரண்டொரு விராலும் மட்டுமே வருகிற குட்டைகளும் உண்டு. தண்ணீரிலும் தீவனத்திலும் குறை இல்லாதபோதும் இப்படி நேர்வதற்குக் காரணம், ஒன்றுக்கொன்று ஆகாத மீன்களைச் சேர்த்து விட்டதுதான்.

தோட்டத்தில் ஊடுபயிர் தேர்ந்தெடுக்கும்போது விவசாயிகள் என்ன பார்க்கிறார்களோ, அதையேதான் குட்டையிலும் பார்க்க வேண்டும். தென்னைக்கு அடியில் இன்னொரு தென்னையை யாரும் நடுவதில்லை. ஒன்றின் உணவை மற்றொன்று பறிக்கக் கூடாது. ஒன்று மற்றொன்றை அழிக்கக் கூடாது. வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து அழகு மீன் வளர்ப்பவர்களும் இந்த விதியைத்தான் கடைப்பிடிக்கிறார்கள். அங்கே தவறினால் நாலைந்து மீன் சாகும். குட்டையில் தவறினால் ஓராண்டு வருமானம் போய்விடும்.

வாயைப் பார்த்தால் உணவு தெரியும்

தண்ணீரை மேல், நடு, அடி என்று மூன்று அடுக்குகளாக நினைத்துக்கொள்ள வேண்டும். மேல்மட்டத்தில் நுண்பாசியும், கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு பூச்சி போன்ற நுண்ணுயிர்களும் மிதக்கின்றன. நடுவில் மக்கும் இலை தழைகளும் பாசியும் உள்ளன. அடியில் வண்டலும், மக்கிய பொருள்களும், புழுக்களும் இருக்கின்றன. எந்த மீன் எந்த அடுக்கில் மேயும் என்பதை அதன் வாயே காட்டிவிடும்.

கட்லாவுக்குத் தலை பெரிது. வாய் மேல் நோக்கித் திரும்பியிருக்கும். இது மேல்மட்டத்து நுண்ணுயிர்களைத் தின்னும். ரோகுவுக்கு உதட்டின் ஓரம் குஞ்சம் வைத்ததுபோல் இருக்கும். இது நடுமட்டத்தில் மேயும். மிர்காலின் உடல் மெலிந்து நீண்டது. வாய் சிறியது, கீழ் நோக்கியது. இது அடிமட்டத்து மக்கிய பொருள்களைத் தின்னும். இம்மூன்றும் நம் நாட்டுப் பெருங்கெண்டைகள். கங்கை முதலான வடக்கு ஆறுகளில் ஒரே வெள்ளத்தில் சேர்ந்து வளர்ந்தவை என்பதால் ஒன்றோடொன்று சண்டையிடுவதில்லை.

வெளிநாட்டிலிருந்து வந்த மூன்று கெண்டைகளும் இவற்றோடு ஒத்துப் போகின்றன. வெள்ளிக் கெண்டை மேல்மட்டத்து நுண்பாசியை வடிகட்டித் தின்னும். புல் கெண்டை நீர்ச்செடிகளையும் நாம் போடும் புல்லையும் தின்னும். சாதாக் கெண்டை அடிமட்டத்தைக் கிளறிக் கிடைத்ததை எல்லாம் தின்னும். வெள்ளிக் கெண்டையும் புல் கெண்டையும் 1959-இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டன. நாட்டு மீன்களையும் இவற்றையும் சேர்த்து வளர்க்கும் கூட்டு மீன் வளர்ப்பு ஆராய்ச்சி அகில இந்திய அளவில் 1971-இல் தொடங்கியது. ஆறு இனங்களும் இருந்தால் குட்டையில் எந்த உணவும் வீணாவதில்லை என்பதே இந்த முறையின் அடிப்படை.

நெருங்கிப் போட்டியிடும் இனங்கள்

ஒத்துப் போகும் மீன்களுக்குள்ளும் சிறு போட்டி உண்டு. கட்லாவும் வெள்ளிக் கெண்டையும் ஒரே மட்டத்தில் மேய்கின்றன. வெள்ளிக் கெண்டை விரைந்து வளரும். அதன் எண்ணிக்கை மிகுந்தால் கட்லாவின் வளர்ச்சி குன்றும். மேலும், வெள்ளிக் கெண்டை தண்ணீரை விட்டு எடுத்ததும் இறந்து, சீக்கிரம் கெட்டுவிடும். சந்தை தொலைவில் உள்ளவர்கள் இதைக் குறைத்துக்கொள்வதே நல்லது. மிர்காலும் சாதாக் கெண்டையும் இதேபோல அடிமட்டத்தில் போட்டியிடுகின்றன. சாதாக் கெண்டை கரையைத் தோண்டும் பழக்கமும் உடையது. மண் கரை பலவீனமாக உள்ள குட்டையில் இதை அளவோடுதான் விட வேண்டும். குட்டைக்குள்ளேயே முட்டையிடும் மீனும் இது ஒன்றுதான். மற்ற ஐந்து கெண்டைகளும் தேங்கிய நீரில் இனம் பெருக்குவதில்லை.

புல் கெண்டையை எல்லாரும் விட வேண்டியதில்லை. கம்பு நேப்பியர் போன்ற தீவனப் புல்லை நாள்தோறும் வெட்டிப் போட முடிந்தவர்களுக்கே இது ஏற்றது. தன் எடைக்குப் பாதி முதல் சம எடை வரை ஒரே நாளில் புல் தின்னக்கூடியது. புல் இல்லாவிட்டால் மற்ற மீன்களுக்குப் போடும் பிண்ணாக்கையும் தவிட்டையும் இதுவே காலி செய்துவிடும். புல் போட வசதி உள்ளவர்களுக்கோ இது இரட்டை லாபம். இதன் கழிவே தண்ணீருக்கு எருவாகி, மற்ற மீன்களின் உணவைப் பெருக்குகிறது.

கூட்டில் சேர்க்கக் கூடாதவை

விரால், வாளை, கெளுத்தி ஆகியவை நல்ல விலை போகும் மீன்கள்தாம். ஆனால் கெண்டைக் குஞ்சுகளோடு இருந்தால் அவற்றைத் தின்று தாம் வளரும். ஆப்பிரிக்கக் கெளுத்தி இன்னும் மோசம். கிடைத்ததை எல்லாம் விழுங்கும். வெள்ளத்தில் தப்பி ஏரி, ஆறுகளில் புகுந்தால் நாட்டு மீன்களையும் அழித்துவிடும். இதை வளர்ப்பது நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. விலை மலிவு என்று யார் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. கட்லாவின் உணவில் பங்கு கேட்கும் பெருந்தலைக் கெண்டையையும் தவிர்க்க வேண்டும்.

ஜிலேபி மீன் மற்ற மீன்களைப் பெரிதாகத் தின்பதில்லை. அதன் கேடு வேறு வகையானது. 1952-இல் நம் நாட்டுக்கு வந்த இந்த மீன் இரண்டு மூன்று மாத வயதிலேயே முட்டையிடத் தொடங்கிவிடுகிறது. முட்டைகளையும் குஞ்சுகளையும் தாய் மீன் வாயிலேயே வைத்துக் காப்பதால் பெரும்பாலானவை பிழைத்துவிடும். பத்து ஜோடி தவறிப் போய்க் குட்டையில் விழுந்தால்கூட, அடுத்த ஆண்டுக்குள் குட்டை முழுவதும் விரல் நீளக் குஞ்சுகளாக நிறைந்துவிடும். கெண்டைகளுக்குப் போட்ட தீவனம் இவற்றின் வயிற்றுக்குப் போகும். இப்போது பேசப்படும் கிஃப்ட் திலேப்பியா, அரசு விதிமுறைப்படி அனுமதி பெற்றுத் தனியாக வளர்க்க வேண்டிய மீன். அதையும் கெண்டைக் குட்டையில் கலக்கக் கூடாது.

கலப்பில்லாத குஞ்சு

முன்பெல்லாம் கெண்டைக் குஞ்சுகளை வெள்ளக் காலத்தில் ஆற்றில்தான் பிடித்து வந்தார்கள். அதில் கொன்று தின்னும் மீன்களின் குஞ்சுகளும் கலந்தே வரும். 1957-இல் ஹீராலால் சௌத்ரி, அலிக்குன்ஹி ஆகிய விஞ்ஞானிகள் ஒடிசாவில், மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்திக் கெண்டைகளை முட்டையிடச் செய்தார்கள். அதன் பிறகே வேண்டிய இனத்தை வேண்டிய அளவு, கலப்பில்லாமல் பெறும் வசதி வந்தது. இந்தச் சாதனையின் நினைவாகவே ஜூலை 10-ஆம் நாள் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடப்படுகிறது. புவனேசுவரத்தில் தேர்வு முறையில் உருவாக்கப்பட்ட, விரைந்து வளரும் ஜெயந்தி ரோகுவும் 1997-இல் வெளிவந்தது.

இவ்வளவு வசதி இருந்தும், வண்டியில் கொண்டுவந்து விற்பவரிடம் 'கலவைக் குஞ்சு' என்று எண்ணாமல் வாங்கினால் பழைய நிலைக்கே திரும்பியதாகும். ஒவ்வொரு இனத்தையும் தனித் தனிப் பையில் கேட்டு வாங்க வேண்டும். வாங்கும்போது ஒரு கை அள்ளி வெள்ளைத் தட்டில் விட்டுப் பார்க்கலாம். முதுகுத் துடுப்பில் வரிசையாக முள் இருந்தால் அது ஜிலேபி. செதில் இல்லாமல் வழவழவென்று, வாயருகே நீண்ட மீசை இருந்தால் கெளுத்தி. தலை பாம்பு போலிருந்தால் விரால். நல்ல சாதாக் கெண்டைக்கும் சிறு மீசை உண்டு. ஆனால் உடலில் செதில் இருக்கும்.

குஞ்சுகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவில், 3 முதல் 4 அங்குல நீளம் இருப்பது நல்லது. சிறு குஞ்சுகள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் தவளை, நீர்ப்பாம்பு, கொக்கு ஆகியவற்றுக்கு இரையாவது மிகுதி.

10 சென்ட் குட்டைக்குக் கணக்கு

ஏக்கருக்கு 2,000 குஞ்சுகள் என்ற கணக்கில், 10 சென்ட் குட்டைக்கு 200 குஞ்சுகள் போதும். ஆண்டு முழுவதும் 5 அடி ஆழம் தண்ணீர் நிற்கும் குட்டைக்குக் கீழ்க்கண்ட விகிதம் ஏற்றது:

கட்லா – 40
வெள்ளிக் கெண்டை – 30
ரோகு – 50
புல் கெண்டை – 20
மிர்கால் – 30
சாதாக் கெண்டை – 30

ஆறு இனமும் கிடைக்காவிட்டால் நாட்டுக் கெண்டைகள் மூன்றையும் 4 : 3 : 3 என்ற விகிதத்தில் விடலாம். அதாவது கட்லா 80, ரோகு 60, மிர்கால் 60. பிளாஸ்டிக் விரிப்பு போட்ட குட்டைகளில் அடியில் சேறு இராது. ஆகவே அடிமட்ட மீன்களைக் குறைத்து, அந்த எண்ணிக்கையை ரோகுவில் கூட்டிக்கொள்ளலாம்.

சேலம், நாமக்கல் சமவெளியில் பல குட்டைகளில் ஆறு ஏழு மாதமே தண்ணீர் நிற்கும். அத்தகைய குட்டையில் ஆறு இனங்களையும் விட்டுவிட்டு, கோடையில் கால் கிலோ எடையிலேயே பிடிக்க நேர்வது வீண். விரைந்து வளரும் கட்லா, வெள்ளிக் கெண்டை, சாதாக் கெண்டை ஆகிய மூன்றை மட்டும், எண்ணிக்கையைக் குறைத்து, சற்றுப் பெரிய குஞ்சுகளாக விடுவதே சரி. தண்ணீர் எத்தனை மாதம் நிற்கும் என்பதை முதலில் கணக்கிட்டு, பிறகே இனத்தை முடிவு செய்ய வேண்டும்.

குஞ்சு விடுமுன் செய்ய வேண்டியவை

பழைய குட்டையாக இருந்தால் களை மீன்களையும் கொல்மீன்களையும் முதலில் ஒழிக்க வேண்டும். தண்ணீரை முழுக்க இறைத்து, வெயிலில் காயவிடுவது எளிய வழி. இறைக்க முடியாதபோது 3 அடிக்குச் சற்று மேற்பட்ட ஆழத்துக்குச் சென்டுக்கு 10 கிலோ வீதம் இலுப்பைப் பிண்ணாக்கை ஊற வைத்துக் கரைத்துத் தெளிக்கலாம். அதன் நஞ்சு இரண்டு மூன்று வாரத்தில் நீங்கி, பிண்ணாக்கு எருவாகிவிடும். அதுவரை குஞ்சு விடக் கூடாது.

சென்டுக்கு 1 கிலோ சுண்ணாம்பு இட்டு, ஒரு வாரம் கழித்துச் சென்டுக்கு 8 கிலோ சாணம் கரைத்து ஊற்ற வேண்டும். இலுப்பைப் பிண்ணாக்கு இட்ட குட்டைக்குச் சாணம் பாதி போதும். பிறகு 10 சென்டுக்கு மாதம் 30 கிலோ வீதம் சாணம் இட்டு வரலாம். நாமக்கல் பக்கம் எளிதில் கிடைக்கும் கோழி எருவானால், மக்கியதாகப் பார்த்து இதில் பாதி அளவு இட்டால் போதும். சேகோ ஆலைக் கழிவு நீர் குட்டையில் கலக்காதபடி பார்த்துக்கொள்வது மிக முக்கியம். அது தண்ணீரிலுள்ள பிராணவாயுவைக் குடித்து மீன்களை ஒரே இரவில் கொன்றுவிடும்.

தண்ணீர் பக்குவமாக இருக்கிறதா என்று அறிய முழங்கை வரை கையை நீரில் விட்டுப் பார்க்க வேண்டும். முழங்கை மூழ்கும் சமயத்தில் உள்ளங்கை மறைந்தால் பக்குவம் சரி. அதற்கு முன்பே மறைந்தால் எருவை நிறுத்த வேண்டும். முழங்கை மூழ்கிய பின்னும் கை நன்றாகத் தெரிந்தால் எரு போதவில்லை என்று பொருள்.

குஞ்சுப் பையை அவிழ்க்காமல் கால் மணி நேரம் குட்டையில் மிதக்க விட்டு, பிறகு குட்டை நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்து, குஞ்சுகள் தாமாக நீந்திப் போகும்படி விட வேண்டும். காலையிலோ மாலையிலோ இதைச் செய்வது நல்லது.

தீவனமும் கண்காணிப்பும்

கடலைப் பிண்ணாக்கையும் அரிசித் தவிட்டையும் சம எடை கலந்து, துளையிட்ட சாக்கில் கட்டித் தொங்க விடலாம். மாதம் ஒருமுறை வலை வீசிச் சில மீன்களை எடை போட்டுத் தீவனத்தை நிர்ணயிக்க வேண்டும். 200 மீன்கள் சராசரி 100 கிராம் இருந்தால் மொத்தம் 20 கிலோ. நூற்றுக்கு 3 பங்கு என்று நாள் ஒன்றுக்கு 600 கிராம் தீவனம். எடை பார்க்கும்போதே எந்த இனம் பின்தங்குகிறது என்பதும் தெரியும். கட்லா மட்டும் வளராமல் இருந்தால் வெள்ளிக் கெண்டையில் பெரியவற்றை முன்னதாகப் பிடித்துவிடலாம். ஜிலேபி தென்பட்டால் வலையில் வந்தவரை உடனே அகற்ற வேண்டும். மூடாக்கு நாட்களில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் தீவனத்தையும் எருவையும் நிறுத்தி, கிணற்று நீரை உயரத்திலிருந்து விழும்படி பாய்ச்ச வேண்டும்.

200 குஞ்சுகளில் 160 பிழைத்து, ஒவ்வொன்றும் முக்கால் கிலோவுக்கு வந்தாலே 120 கிலோ மீன் கிடைக்கும். பொருந்தாத இனம் ஒன்று நுழைந்துவிட்டால் இந்தக் கணக்கு பாதியாகவும் ஆகலாம், ஒன்றுமில்லாமலும் போகலாம். ஆகவே விவசாயிகள் குஞ்சு வாங்கப் புறப்படும் முன்பே தண்ணீர் நிற்கும் மாதங்கள், கரையின் தன்மை, புல் வசதி, சந்தை ஆகிய நான்கையும் எழுதி வைத்துக்கொண்டு, மீன்வளத் துறை அலுவலகத்திலோ சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கலந்து பேசி இனங்களை முடிவு செய்வது நலம். குஞ்சுகளை அரசு மீன் பண்ணையில் அல்லது நம்பகமான பண்ணையில் முன்கூட்டியே பதிவு செய்து பெறுவது, ஓராண்டு உழைப்பைக் காக்கும்.