மங்களம் பாட மறந்த கதைகள்

விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கே என்று நம் முன்னோர் அளவிட்டு வைத்தனர். வந்தவர் மூன்றாம் நாளும் பெட்டியைக் கட்டாவிடின் வீட்டுக்காரியின் முகம் சற்றே மாறும்; நான்காம் நாட் காலையிற் கோப்பியின் சூடும் குறையும். விருந்தாளிக்கு இவ்வாறு சொல்லாமற் சொல்லத் தெரிந்த நமக்கு, திரைப்படத்துக்கும் தொலைக்காட்சித் தொடருக்கும் அப்படிச் சொல்லத் தெரியாமற் போனது ஏன்?

அண்மைக் காலத்து உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1996ஆம் ஆண்டில் ஷங்கர் இயக்கிக் கமல்ஹாசன் நடித்த 'இந்தியன்' வெளிவந்தது. நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்திற் பணிபுரிந்த சேனாபதி என்னும் முதியவர், இலஞ்சம் வாங்குவோரை வர்மக் கலையால் அடக்கிக் கொல்கிறார். பிரேக் பழுதான பஸ்ஸுக்குக் கைக்கூலி பெற்றுத் தகுதிப் பத்திரம் வழங்கிப் பள்ளிச் சிறார் பலரின் சாவுக்குக் காரணமாகிறான் ஓர் அதிகாரி. அவன் அவருடைய சொந்த மகன். அவனையும் அவர் விட்டுவைக்கவில்லை. அப்படத்திலே பாட்டும் கூத்தும் வேண்டியதற்கு மேலாகவே இருந்தன. எனினும் கதை முழுவதும் அந்த ஓர் இடத்தை நோக்கியே நடந்தது. கமல்ஹாசனுக்குச் சிறந்த நடிகருக்கான இந்திய தேசிய விருதும் அதனாற் கிடைத்தது.

இது நமக்குப் புதிய கதையன்று. கன்றைக் கொன்ற மகனைத் தேர்க்காலிற் கிடத்திய மனுநீதிச் சோழனை அறியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. மகாவம்சமோ அநுராதபுரத்திலிருந்து ஆண்ட எல்லாளனைப் பற்றியும் இவ்வாறே கூறும். தேர் ஏறி இறங்கிய பின்னர், "அரசன் அதன் பிறகு எத்தனை வழக்குத் தீர்த்தான்?" என்று எந்தக் குழந்தையும் பாட்டியிடம் கேட்பதில்லை. மகனையே கொடுத்த பின் அவனிடம் கொடுக்க வேறு என்ன இருக்கிறது?

ஆனால் 2024ஆம் ஆண்டு யூலை 12ஆம் திகதி வெளியான 'இந்தியன் 2' அந்தக் கேள்வியைத்தான் கேட்டது. தாய்வானின் தலைநகரிலிருந்து சேனாபதி திரும்பி வருகிறார். கணக்குப் பார்த்தால் அவருக்கு நூறு வயது கடந்திருக்க வேண்டும். அதனை நாம் பெரிதுபடுத்தவில்லை. கதையிலே சிரஞ்சீவிகள் இருந்துவிட்டுப் போகட்டும். ஆயினும் வந்தவர் செய்வதென்ன? மீண்டும் ஒருவர்பின் ஒருவராகக் கொல்கிறார். மகனைக் கொன்ற கை என்ற சுமை அந்தக் கையில் இல்லை. ஏறத்தாழ மூன்று மணித்தியாலம் ஓடிய படத்திலிருந்து, வெளியான சில நாட்களிலேயே சுமார் 12 நிமிடங்களை வெட்டினர். ஈற்றிலே, மூன்றாம் பாகம் வரும் என்ற அறிவித்தலையும் சேர்த்துக் காட்டினர். முதற் படத்தின் இறுதியிலும் சேனாபதி வெளிநாட்டிலிருந்து தொலைபேசியிற் பேசுவார். வேண்டும்போது வருவேன் என்பார். அது இலஞ்சம் வாங்குவோர் நெஞ்சில் இருக்கவேண்டிய அச்சம். அதனை அடுத்த காட்சிக்கான நுழைவுச்சீட்டாக எவர் கருதினார்?

படமெடுப்போர் தரப்பு நியாயம் விளங்காததன்று. புதுக் கதை ஓடுமோ ஓடாதோ. அறிந்த பெயருக்கோ முதல் நாட் கூட்டம் நிச்சயம். பழைய நட்பைச் சொல்லிக் கடன் கேட்பது போன்றது இது. நண்பர் முகத்துக்காகக் கொடுத்து விடுகிறோம். 2003இல் வந்த 'சாமி'யின் பேரிலும், 2013இல் வந்த 'விஸ்வரூப'த்தின் பேரிலும் 2018இல் நம்மிடம் இவ்வாறே கடன் கேட்டனர்.

திரைப்படமாவது மூன்று மணித்தியாலத்தில் நம்மை வெளியே விடும். சின்னத்திரையின் செய்தி வேறு. 2003இல் தொடங்கிய 'கோலங்கள்' 2009 வரை 1500க்கும் மேற்பட்ட பகுதிகளாக ஓடியது. 'ஃபோல்டி டவர்ஸ்' என்னும் ஆங்கில நகைச்சுவைத் தொடர் 1975இலும் 1979இலும் ஆறு ஆறாக, மொத்தம் 12 பகுதிகளோடு நின்றது. இன்றும் அதைப் பேசுகிறார்கள். நம் தொடர்களின் நீளத்தைக் கதை தீர்மானிப்பதில்லை. விளம்பரமும், பார்ப்போர் தொகைக் கணக்கும் தீர்மானிக்கின்றன. எண்ணிக்கை நன்றாயிருந்தால் முடிய வேண்டிய கலியாணம் முடியாது. தாலி கட்டும் வேளையில் யாரோ ஒருவர் "நிறுத்துங்கள்" என்பார். ஐந்து முகங்கள் ஒவ்வொன்றாக அதிர்ச்சியடையும். அன்றைய பொழுது அதிலேயே கழியும். எண்ணிக்கை விழுந்தாலோ ஒரே கிழமையில் எல்லாரும் திருந்தி விடுவர். 2020இல் தொடங்கிய 'சித்தி 2'இலிருந்து மறு ஆண்டே ராதிகா விலகினார். சித்தி போன பின்னும் 'சித்தி' தொடர்ந்தது! 2024 யூனில் முடிந்த 'எதிர்நீச்சல்' அவ்வாண்டு திசெம்பரிலேயே திரும்பி வந்தது. பெயர் 'எதிர்நீச்சல் தொடர்கிறது'. பெயரிட்டவரின் நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

இவற்றைப் பார்ப்போரை ஏளனஞ் செய்வது எளிது. நாம் அதற்கு உடன்படோம். பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்க, ஊரிலே தனித்து வாழும் தாய்மார் நம்மிடையே எத்தனை பேர்! அவர்களுக்குத் தேவயானி நடித்த அபி, நாள்தோறும் தவறாமல் வந்துபோன மகள். அவள் துன்பந் தீர்வதைக் காண வேண்டும் என்று அவர்கள் ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தனர். அந்தக் காத்திருப்பை முதலாக வைத்து வாணிபம் நடத்துவதுதான் நம் மனத்தை உறுத்துகிறது.

நீளமே குற்றமா என்றால், அன்று. மட்டக்களப்பின் வடமோடிக் கூத்து விடிய விடிய ஆடப்படுவது. வரவுப் பாட்டிலேயே சாமம் போகும். ஒருவரும் சலிப்பதில்லை, விடியலில் மங்களம் பாடப்படும் என்பது ஆடுவோருக்கும் தெரியும், பார்ப்போருக்கும் தெரியும். அக்கூத்தையே பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்து மாணவரைக்கொண்டு, 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை' என 1960களிற் சுருக்கி மேடையேற்றினார். இரவு முழுவதும் நிகழ்வதைச் சிறிது நேரத்துக்குள் அடக்கியும் இராவணன் வீழ்ச்சி குறைவுபடவில்லை. கூட்டினும் குறைப்பினும் கதை போய்ச்சேரும் இடம் ஒன்றே என்பதால் அது இயன்றது. போய்ச்சேர இடமற்ற தொடரை எப்படிச் சுருக்குவது?

வகுப்பிலே சிறுகதை எழுதச் சொன்னால், இக்காலத்து மாணவர் தொடக்கத்தை அழகாக எழுதி விடுகின்றனர். பாத்திரங்கள் பேசுகின்றன, சண்டையும் மூள்கிறது. முடிக்கும் இடத்திலேதான் பேனா நின்று விடுகிறது. பலர் "தொடரும்" என்று போட்டு நம்மிடம் நீட்டுகின்றனர். நாள்தோறும் வீட்டிற் காண்பது அதுவானால் அவர்களைக் குறைகூறி ஆவதென்ன?

இரண்டாம் பாகமே கூடாது என்பாரும் உளர். சிலப்பதிகாரத்தை அடுத்து மணிமேகலை வந்ததை அவர்கள் மறந்து விடுகின்றனர். அங்கே கோவலனை எழுப்பிக் கொண்டுவந்து இன்னொரு சிலம்பு விற்கச் செய்யவில்லை சாத்தனார். மகளின் கையில் அமுதசுரபியைக் கொடுத்து வேறு வழியில் அனுப்பினார். கம்பரோ இராமனுக்கு முடிசூட்டியதும் காப்பியத்தை முடித்தார். பின்கதையான உத்தர காண்டம் ஒட்டக்கூத்தர் பேரால் வழங்குகிறது. ஊர் கூடிக் கேட்பது கம்பரைத்தான்.

கல்கியும் முடிசூட்டு விழாவிலேதான் நிறுத்தினார். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கிழமைதோறும் வெளிவந்தது; ஐந்து பாகம். ஆர்வமும் கூட்டமும் குறைந்திருந்த தொடரன்று அது. விரும்பியிருந்தால் இன்னும் ஐந்து பாகம் எழுதியிருக்கலாம். அருள்மொழிவர்மர் இராசராசராகிச் செய்த போர்களும், தஞ்சையில் எழுப்பிய பெரிய கோவிலும் அதன் பின்னர் வந்தவையே. கிடைக்கவிருந்த முடியை அருள்மொழி உத்தம சோழருக்கு விட்டுக்கொடுத்தார் என்பதே கல்கி சொல்லவந்த கதை. இன்னின்னார் பிறகு என்ன ஆயினர் என்று கேட்ட வாசகர்களுக்கு ஒரு முடிவுரையில் மறுமொழி எழுதிவிட்டு, கோவில் கட்டிய கதையை எழுதாமலே அவர் பேனாவை வைத்தார்.