உயர்கல்வித் திட்டமிடலில் நிலப்படங்கள்

உயர்கல்வித் திட்டமிடலில் நிலப்படப் பயன்பாடு என்பது, கல்லூரிகள் எங்கே உள்ளன, கல்லூரி வயதினர் எங்கே வாழ்கின்றனர், இரண்டுக்கும் இடையே சாலையும் பேருந்தும் உள்ளனவா என்பவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்து முடிவெடுக்கும் முறையாகும். இதற்கு உதவும் கணினி அமைப்பு புவியியல் தகவல் முறைமை எனப்படும். இதில் ஊர்கள், சாலைகள், மேல்நிலைப் பள்ளிகள், கல்லூரிகள், மக்கள்தொகை ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி அடுக்காக இருக்கும். கண்ணாடித் தாள்களில் வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தது போல, வேண்டிய அடுக்குகளை மட்டும் சேர்த்துப் பார்க்கலாம்.

374 மாவட்டங்கள்

இந்தியாவில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, பல்கலைக்கழக மானியக் குழு அடையாளம் கண்ட கல்வியில் பின்தங்கிய 374 மாவட்டங்கள் ஆகும். ஓரிடத்தில் உயர்கல்வியில் சேர்ந்திருப்போரின் எண்ணிக்கையை, அங்குள்ள 18 முதல் 23 வயது வரையிலான மக்கள்தொகையால் வகுத்து 100 ஆல் பெருக்கினால் கிடைப்பது மொத்தச் சேர்க்கை விகிதம். 2001 கணக்கெடுப்பின் அடிப்படையில் நாட்டின் சராசரி 12.4 விழுக்காடு. அதற்குக் கீழே இருந்த மாவட்டங்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டன. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களும் அதில் இருந்தன. இவை ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரிக் கல்லூரி தொடங்குவது என 11ஆம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (2007-2012) திட்டம் வகுக்கப்பட்டது.

ஆனால் மாவட்டம் என்பது பெரிய அலகு. அன்றைய விழுப்புரம் மாவட்டம் கிழக்கே மரக்காணம் கடற்கரையிலிருந்து மேற்கே கல்வராயன் மலை வரை பரந்திருந்தது. இரண்டுக்கும் ஒரே சராசரி. மலைக் கிராமத்து மாணவியின் நிலையை அந்த எண் எப்படிக் காட்டும்? 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2001இல் 30 ஆக இருந்த தமிழக மாவட்டங்கள் இன்று 38. எல்லை மாறிவிட்டால் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் நேராக ஒப்பிட முடியாது. வட்டம், ஒன்றியம், ஊர் என்று சிறிய அலகுகளில் தரவு இருந்தால்தான் புதிய எல்லைக்கேற்ப அதைக் கூட்டிக்கொள்ளலாம்.

தொலைவை அளத்தல்

கல்லூரியை மையமாக வைத்து 20 கிலோமீட்டர் வட்டம் வரைந்து, உள்ளே இருக்கும் ஊர்களுக்கெல்லாம் கல்லூரி உண்டு என்று கொள்வது எளிய வழி. சமவெளியில் இது ஓரளவு பொருந்தும். கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே வட்டத்துக்கு என்ன பொருள்? எனவே சாலை வழித் தொலைவையும், அதைவிட மேலாகப் பயண நேரத்தையும் கணக்கிட வேண்டும். மாலை வகுப்பு முடிந்தபின் ஊர் திரும்பக் கடைசிப் பேருந்து உண்டா என்பதும் ஓர் அடுக்காகச் சேர வேண்டிய செய்தி. பல வீடுகளில் பெண்பிள்ளையை மேலே படிக்க வைப்பதா என்பது அதைப் பொறுத்தே முடிவாகிறது.

சேர்க்கைக் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு கல்லூரிகளிடமிருந்தே தரவு பெறுகிறது. எனவே வெளியூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவரும் கல்லூரி உள்ள மாவட்டத்தின் கணக்கிலேயே சேர்வார். ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்லூரிகள் கொண்ட பெங்களூரு நகர்ப்புறம் போன்ற மாவட்டங்களின் விகிதம் இதனால் உயர்ந்து தெரியும். பிள்ளைகளை அனுப்பிய மாவட்டத்தின் விகிதம் தாழ்ந்து தெரியும். மாணவரின் சொந்த ஊர் அஞ்சல் குறியீட்டைக் கொண்டு படம் வரைந்தால் இந்தக் குறை பெரிதும் நீங்கும்.

இங்கிலாந்தில் வசிப்பிடத்தையே அடிப்படையாகக் கொண்டு, இளைஞர் உயர்கல்விக்குச் செல்லும் விகிதப்படி பகுதிகளை ஐந்து பிரிவுகளாக்கும் போலார் என்னும் முறை உண்டு. வசதி படைத்தோரும் ஏழைகளும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் லண்டனில் இது சரியாகப் பொருந்துவதில்லை என்ற விமர்சனமும் உண்டு.

கருவிகள்

கியூஜிஐஎஸ் என்னும் கட்டற்ற மென்பொருள், ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பின் சாலைத் தரவு, இஸ்ரோவின் புவன் தளம் ஆகியவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன. தம் வட்டத்திலுள்ள மேல்நிலைப் பள்ளிகளையும் கல்லூரிகளையும் குறித்துப் பயண நேரப் படம் ஒன்றை வரைவது கல்லூரி மாணவர்களுக்கு ஏற்ற செயல்திட்டம்.